தீ சாலமாண்டரைப் பார்க்க வழியில்லாமல் வரதய்யபாளையம் போனேன்

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து, மூன்றாம் நாள் சனிக்கிழமை காலையில் நகரியில் வானம் கொஞ்சம் வெளுத்தது. அன்றைக்கே கிளம்பிவிடுவது என்று முந்தின நாளே முடிவு செய்து வைத்திருந்தேன். மழை கொட்டும்போது போனால் பிச்சாட்டூர்ப் பக்கம் பஸ் ஓடுமா என்று சொல்ல முடியாது. மழை முழுதாக ஓய்ந்த பிறகு போனால் நான் தேடிப் போகும் தவளைகள் மண்ணுக்குள் போய்விடும். நடுவில் கிடைப்பது ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள்.

தவளை பார்க்க யாராவது எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் போவார்களா என்று கேட்பீர்கள். உண்மையில் நான் பார்க்க ஆசைப்பட்டது வேறு ஒன்றை. அதன் பெயர் தீ சாலமாண்டர். ஐரோப்பாவின் காடுகளில் இருக்கிறது. பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் பல்லி இல்லை, தவளைக்குச் சொந்தக்காரன். மைக்கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகள். பகலில் மட்கிய மரக்கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் கிடந்து, மழை பெய்த இரவில் வெளியே வந்து மண்புழுவையும் ஓடில்லா நத்தையையும் தின்னும். அந்தக் காலத்தில் விறகுக் கட்டையை அடுப்பில் போடும்போது உள்ளே ஒளிந்திருந்த இது வெளியே ஓடி வருமாம். தீயிலிருந்து பிறக்கிறது என்று நினைத்து அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒன்பதாவதோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, நான் பாபின் சுற்றுகிறேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதும் பாபின் மாற்றுவதும்தான் வேலை. நடுநடுவே போன் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போதுதான் காட்டில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் இந்தச் சாலமாண்டரைப் படம் எடுக்கும் வீடியோ வந்தது. என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பிராணியின் அழகு இல்லை. அந்தப் பெண் செய்த வேலை. ஒவ்வொரு சாலமாண்டருக்கும் முதுகில் மஞ்சள் திட்டு வேறு வேறு மாதிரி இருக்குமாம், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காதாம். அதனால் நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த வருடம் வந்து அதே ஆளா வேறு ஆளா என்று சொல்லிவிடலாம். ஊசி குத்த வேண்டாம், காலில் வளையம் மாட்ட வேண்டாம். படத்தைப் படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அன்றிலிருந்து கிடைத்ததை எல்லாம் படித்தேன். இங்கிலீஷை போன் தமிழாக்கிக் கொடுக்கும். பாதி புரியும், மீதியை மறுபடி படிப்பேன். தீ சாலமாண்டர் நம் நாட்டில் இல்லை. அதற்கு உறவான சில வகைகள் வடகிழக்கு மலைகளில் மட்டும் இருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒரே தூரம்தான். ஆனால் கறுப்பு உடம்பில் செங்கல் நிறத் திட்டுள்ள ஒரு குண்டுத் தவளை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. இங்கிலீஷில் பெயிண்டட் ஃப்ராக் என்கிறார்கள். அதுவும் மழைக்குத்தான் வெளியே வரும். அதன் திட்டுகளும் ஆளுக்கு ஆள் மாறும். போன வருடம் அக்காவைப் பார்க்க வரதய்யபாளையம் போனபோது, ஒரு டிபன் கடைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் நின்ற குழியில் ஆறு தவளைகளைப் படம் எடுத்தேன். அதே ஆறில் ஒன்றாவது அதே குழிக்குத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் பயணம்.

இனி வழி. நகரி பேருந்து நிலையத்தில் காலை 9.10க்குப் புத்தூர் பஸ். புத்தூர் போய்ச் சேர 9.45. அங்கே 10.20க்கு நாகலாபுரம் வழியாகச் சத்தியவேடு போகும் பல்லெவெலுகு பஸ், ஆந்திர அரசின் கிராமத்து ஆர்டினரி வண்டி, கிடைத்தது. பெண்களுக்கு ஜீரோ டிக்கெட், அதாவது இலவசம், ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும். ஊத்துக்கோட்டைக்குள் போய்வரும் சில வண்டிகள் தமிழ்நாட்டு எல்லையைத் தொடும். அதில் டிக்கெட் வாங்கச் சொல்லலாம், ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்பது எனக்குப் பெரிய வேலை. கண்டக்டரே ஆதார் இருக்கிறதா, எங்கே போக வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏம்மா, ஆதார் உந்தா? எக்கட?"

"வரதய்யபாளையம்."

"தமிழா? ஒண்டியா போறியே. அருவிக்கா? இப்ப போனா உள்ள உட மாட்டாங்க, தண்ணி ஜாஸ்தியா வந்துகினு கீது."

ஊருக்குப் பக்கத்து மலையில் இருக்கும் அருவிக்கு இல்லை, தவளைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "அக்கா வூட்டுக்கு" என்றேன். அதுவும் பொய் இல்லை.

பிச்சாட்டூர் தாண்டும்போது ஏரி நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாகலாபுரத்து மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார நினைப்பவர்கள் இடது பக்கம் உட்காருங்கள், மலை அந்தப் பக்கம்தான். சத்தியவேடு வந்தபோது 12.10. அரை மணி நேரம் நின்று அடுத்த பஸ் பிடித்து வரதய்யபாளையத்தில் 1.25க்கு இறங்கினேன். அங்கிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். கடை எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. கூட்டம் போனால் அந்தக் குழி தாங்காது.

கடைக்காரப் பெண்மணியின் பெயரைப் புஷ்பா அக்கா என்று வைத்துக்கொள்கிறேன். நாற்பது வயது இருக்கும். பிறந்த ஊர் பாலசமுத்திரம், கட்டிக்கொடுத்தது இங்கே. ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகள் பாதிப்பேர் காலையில் இவர் கடையில்தான் சாப்பிடுகிறார்கள். என் அக்காவும். நான் மூன்று இட்லி முப்பது ரூபாய்க்கு வாங்கிச் சாப்பிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு இட்லி கிடைப்பதே அதிசயம், ஆறித்தான் இருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனேன். கடை கட்டும்போது அஸ்திவாரத்துக்கு மண் எடுத்த குழி அது. இரண்டு கட்டில் போடும் அளவு. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், ஓரத்தில் உடைந்த செங்கல் குவியல். போன வருடம் போலவே இருந்தது. ஓரத்தில் நாலு மூங்கில் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது மட்டும் புதிது.

கயிறு எதற்கு என்று கேட்க நினைத்து நின்றேன். அவரே தட்டுக் கழுவிக்கொண்டு சொன்னார்.

"பாத்து நில்லு பாப்பா. நாளைக்கு பத்து மணிக்கு டிராக்டர் வருது. கிராவல் கொட்டி மூடப் போறேன். வண்டி நிறுத்த எடமாச்சும் ஆவும்."

சாதாரணமாக நான் இந்த மாதிரி நேரத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். பஸ்ஸில் திரும்பும்போது என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசிப்பேன். இந்த முறை திரும்பி வரும்போது குழி இருக்காது.

"மூடாதீங்கக்கா" என்றேன்.

"இன்னாது?"

"உள்ள தவளைங்க கீது."

"அதுக்குத்தானே மூடறேன். மழ பேஞ்சா போதும், குண்டு குண்டா கிச்சனுக்குள்ள வருது. போன வாரம் ஒரு புள்ள அத கைல புடிச்சிட்டு கண்ண தேச்சிக்கிச்சி. கண்ணு செவந்து, கத்தி, ஊரக் கூட்டிடிச்சி. சாம்பார்ல வெஷம் உழுந்தா யாரு பதில் சொல்றது? இந்தக் கடை ஒண்ணுதான் கீது எனக்கு."

அவர் பயம் நியாயம்தான். தீ சாலமாண்டருக்குக் கண்ணுக்குப் பின்னாலும் முதுகு நெடுகவும் நச்சுச் சுரப்பிகள் உண்டு. அந்த மஞ்சள் நிறமே, என்னைத் தின்னாதே என்ற அறிவிப்புதான். இந்தக் குண்டுத் தவளையும் பயந்தால் உடம்பை ஊதிக்கொண்டு தோலில் பசை மாதிரி ஒன்றைக் கசியவிடும். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவினால் முடிந்தது. கண்ணில் பட்டால் எரியும். அது தேடி வந்து யார் மேலும் பூசாது. இதை எல்லாம் இப்படிக் கோவையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சொன்னது, "சோப்பு போட்டா போயிடும்க்கா" என்பது மட்டும்.

"போவட்டும். இந்தக் குழி இல்லன்னா பக்கத்து வயல்ல குதிக்கப் போவுது. மழைக்கு எங்கிருந்தோ வர்றதுங்க. அதுக்கு இன்னா பட்டாவா கீது இங்க?"

"எங்கிருந்தோ வரலக்கா. போன வருசம் வந்த அதே தவளதான் வருது."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அதே தவளன்னு உங்கிட்ட வந்து சொல்லிச்சா?"

"காட்டறேன்."

"காட்டு பாக்கலாம். பத்து மணிக்குள்ள காட்டு. அப்புறம் டிராக்டர்காரன் நிக்க மாட்டான்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நிஜம் என்றே எடுத்துக்கொண்டேன். அதே தவளைகள் வந்தன என்று நானே இன்னும் பார்க்கவில்லை என்பது அக்காவின் ரூமுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.

அக்கா காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு வேற வேலயே இல்லியா, வந்த எடத்துல ஏன்டி வம்பு" என்றாள். ஆனால் அவள் போனைக் கொடுத்தாள். அவளுடைய போனில் கேமரா நன்றாக இருக்கும்.

கிளம்பும் முன் செருப்பைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். அக்கா சிரித்தாள். காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு பூஞ்சைக் காளான் நோய் தீ சாலமாண்டர்களின் தோலைத் தின்று, சில காடுகளில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழித்துவிட்டது. வளர்ப்புக்காக வாங்கிப்போன பிராணிகளோடு ஆசியாவிலிருந்து போனதாகச் சொல்கிறார்கள். ஈர மண் ஒட்டிய காலணியோடு ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போனால் அதையும் சுமந்துகொண்டு போவோம். அதனால் அங்கே சாலமாண்டர் பார்ப்பவர்கள் பூட்ஸைக் கழுவி, மருந்து தெளித்துத்தான் காட்டுக்குள் போகிறார்கள். இங்கே அந்த நோய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கழுவினேன்.

ஐந்தே முக்காலுக்குத் தூறல் ஆரம்பித்தது. ஆறேகாலுக்கு முதல் குரல் கேட்டது. கன்றுக்குட்டி மூக்கடைத்துக்கொண்டு கத்துவது மாதிரி இருக்கும். இவ்வளவு பெரிய சத்தம் உள்ளங்கை அளவு உடம்பிலிருந்து வருகிறது என்று பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். ஆண் தவளை தண்ணீரில் மிதந்துகொண்டு தொண்டைப் பையை ஊதிக் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் உடம்பு முழுவதும் குலுங்கும். பெண் தவளைகள் செங்கல் குவியலிலிருந்து இறங்கி வந்தன. வாய் சின்னது, கறையான், எறும்பு மாதிரித்தான் தின்னும். பின்காலால் மண்ணைத் தோண்டி, பின்பக்கமாகவே உள்ளே போய்விடும்.

சாலமாண்டரும் இதுவும் ஒரு விஷயத்தில் நேர் எதிர். சாலமாண்டர்ப் பெண் முட்டை போடாது. வயிற்றிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்து, செவுள் உள்ள குட்டிகளாக ஓடையில் விடும். பெரியதுக்கு நீச்சலும் சரியாக வராது, ஆழத்தில் விழுந்தால் மூழ்கிவிடும். அதனால் ஓடை ஓரத்தில் பின்பாதி உடம்பை மட்டும் தண்ணீரில் இறக்கிக் குட்டி போட்டுவிட்டுப் போய்விடுமாம். சில காடுகளில் ஓடையை விட்டு, வண்டித் தடத்தில் நிற்கும் மழைத்தண்ணீரில் விடுகின்றன. அதைப் படித்தபோது எனக்கு இந்தக் குழிதான் ஞாபகம் வந்தது. குண்டுத் தவளையோ தண்ணீர் மேல் முட்டையை ஒரே அடுக்காகப் பரப்பும், ஜவ்வரிசி கொட்டிய மாதிரி. ஒரு மாதத்துக்குள் தலைப்பிரட்டை தவளையாகி வெளியேற வேண்டும், குழி வற்றுவதற்குள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது தவளைகளை நேர் மேலிருந்து எடுத்தேன். ஒன்றையும் தொடவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன், முகத்தில் அடிக்கவில்லை. அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். "சீக்கிரம்டி, கொசு என்னத் துன்னுது" என்று நாலு முறை சொன்னாள், ஆனால் போகவில்லை.

எட்டு மணிக்கு ரூமில் உட்கார்ந்து ஒப்பிட ஆரம்பித்தோம். போன வருட ஆறு படங்களுக்கும் நான் பெயர் வைத்திருந்தேன், எல்லாம் எங்கள் தறியில் நெய்யும் டிசைன்களின் பெயர்கள். ஒன்றின் இடது தோளில் மாங்காய் புட்டா மாதிரி ஒரு திட்டு. இன்னொன்றுக்கு ஏணி. இன்னொன்று கோபுரம். ஒன்பதையும் ஆறையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஐம்பத்து நாலு முறை. ஒன்றுகூடச் சேரவில்லை. மாங்காய் இருந்த ஒரு தவளை இந்த வருடமும் இருந்தது, ஆனால் மாங்காய் வலது தோளில் இருந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சேரவில்லை.

"விடுடி" என்றாள் அக்கா. "அந்தம்மா சொன்னதுதான் கரெக்ட்டு. எங்கிருந்தோ வர்றதுங்க. காலைல பஸ் புடிச்சி வூட்டுக்குப் போ. நைனா தேடும்." எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொடியில் அக்கா புடவை காய்ந்துகொண்டிருந்தது, எங்கள் தறியில் நெய்ததுதான். உள்பக்கம் வெளியே தெரிய மடித்துப் போட்டிருந்தாள். பார்டரில் மாங்காய் எல்லாம் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த டிசைனில் மாங்காய் வலது பக்கம் பார்க்க வேண்டும்.

எங்கள் தறியில் பார்டர் புடவை ஓடும்போது துணியின் நல்ல முகம் கீழ்ப்பக்கம்தான் வரும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முதுகு. டிசைன் சரியாக விழுகிறதா என்று பார்க்க, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்ப்போம். அப்படிப் பார்த்தே வளர்ந்தவள் நான். போன வருடம் இந்தப் படங்களை எப்படி எடுத்தேன் என்று அப்போதுதான் நினைவு வந்தது. நைனாவின் பழைய போன். தண்ணீர் புகுந்து பின் கேமரா வேலை செய்யவில்லை. செல்பி கேமராவைத் தவளைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக் குத்துமதிப்பாக எடுத்தேன். அந்தப் போன் செல்பியை முகம் பார்க்கும் கண்ணாடி காட்டுவது போலத் திருப்பித்தான் சேமிக்கும். ஒரு வருடம் முழுக்க நான் துணியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி, போன வருடப் படத்தை அதன் முன்னால் பிடித்தேன். அக்கா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். மாங்காய் வலது தோளுக்குப் போனது. அதன் அடியில் இரண்டு புள்ளி, முதுகு நடுவில் ஒரு கோணல் கோடு, இடுப்பில் உடைந்த வளையல் மாதிரி ஒன்று. எல்லாம் இன்றைய ஐந்தாம் படத்தில் இருந்தது. உறுதி செய்ய இன்னொன்று பார்த்தேன். போன வருடப் படத்தின் மூலையில் ஒரு சிமெண்ட் சாக்கு கிடந்தது. கண்ணாடியில் அதன் எழுத்து நேராகத் தெரிந்தது.

ஏணியும் சேர்ந்தது, எட்டாம் படத்தோடு. மற்ற நான்கு சேரவில்லை. ஆறில் இரண்டு.

காலை ஆறரைக்குக் கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் இருபது பேராவது இருந்தார்கள். இவ்வளவு பேர் முன்னால் பேசுவது நான் நினைத்த திட்டத்தில் இல்லை. புஷ்பா அக்கா தோசைக் கல்லில் இருந்தார். ஒரு போனைக் கண்ணாடி முன்னால் வைத்தேன், இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்தேன்.

"இது இன்னா, காலங்காத்தால பொட்டு வெக்க கண்ணாடியா?"

"போன வருசம் எடுத்தது திரும்பிக்கினு கீதுக்கா. கண்ணாடில பாத்தா நேரா தெரியும்."

"கண்ணாடில பாத்தா நான்கூட சினிமாக்காரி மாதிரிதான் கீறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. "சாக்குல எழுத்த படிங்கக்கா" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்தார். படித்தார். அது அவர் கடை கட்ட வாங்கிய சிமெண்ட். பிறகு தவளையைப் பார்த்தார். ஒரு பக்கம், மறுபக்கம். தோசை கருகியது.

"இந்தப் புள்ளி ரெண்டும் கீது" என்றார் மெதுவாக. "வளையலும் கீது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஆமாக்கா, அதே முதுகு" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவன், "பொண்டாட்டிய கூட்டத்துல கண்டுபுடிக்கவே எனக்குக் கஷ்டமா கீது" என்றான்.

ஏணியையும் அதே மாதிரி காட்டி, போன வருடம் எடுத்த ஆறில் இந்த இரண்டும் சேர்ந்தது என்றேன். "ஆறு எடுத்தேன்னு சொல்றியே. மத்த நாலு?" என்று கேட்டார் புஷ்பா அக்கா.

இந்த இடத்தில் எதையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். "தெரிலக்கா. செத்துப் போயிருக்கலாம். நேத்து நான் பாக்காம உட்டுருக்கலாம். ரெண்டு மட்டும்தான் கண்டிப்பா சொல்ல முடியும்" என்றேன்.

அவர் அடுத்த தோசையை ஊற்றினார். நான் பின்பக்கம் போனேன். கிச்சன் வாசலில் ஒரு முழ உயரத்துக்குப் பலகை ஒன்றைக் குறுக்கே வைத்தேன். இந்தத் தவளை செங்கல்லில் ஏறும், ஆனால் மழமழப்பான பலகையில் நேராக ஏறுவது கஷ்டம். கை கழுவும் இடத்தில் சோப்பு ஒன்றை வலையில் கட்டித் தொங்கவிட்டேன், பத்து ரூபாய். யாரும் செய்யச் சொல்லவில்லை. பத்து மணிக்கு முன் செய்ய என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

டிராக்டர் பத்தேகாலுக்கு வந்தது. டிரைவர் ஸ்டீரிங்கில் இருந்தபடியே கேட்டார். "எங்கக்கா, பின்னாடிதானே?"

புஷ்பா அக்கா குழியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "முன்னாடி கொட்டு."

"பின்னாடி குழின்னு சொன்னியே."

"முன்னாடிதான் சேறாகீது, வண்டிங்க வழுக்குது. கொட்டுன்னா கொட்டு. எல்லாம் உனக்கு வெளக்கமா சொல்லணுமா?"

கிராவல் முன்பக்கம் இறங்கியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்த வருசம்தான். அடுத்த மழைக்கு நீயே வரணும், நீயே படம் புடிச்சி காட்டணும். இந்த ரெண்டுல ஒண்ணாச்சும் வரலன்னா மூடிருவேன். கிச்சனுக்குள்ள ஒண்ணு வந்தாலும் மூடிருவேன். புரிதா?"

"புரிதுக்கா."

"இட்லி துன்னியா?"

அன்றைக்கு இட்லி சூடாக இருந்தது. 11.40க்கு வரதய்யபாளையத்தில் பஸ் பிடித்து, மாலை 4.05க்கு நகரி வந்தேன். திரும்பும்போது புத்தூரில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு.

போக நினைப்பவர்களுக்கு. இந்த வரதய்யபாளையம் குழி இல்லாவிட்டாலும் உங்கள் ஊரில் ஒரு குழி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை பெய்த அன்று மாலை ஆறிலிருந்து எட்டுவரை போதும், நடுராத்திரி வரை நிற்கத் தேவையில்லை. தனியாகப் போகாதீர்கள், குடை பிடிக்கவாவது ஒருவர் வேண்டும். முழங்கால் வரை மூடுகிற உடை, நல்ல டார்ச். என்னுடையது 180 ரூபாய். செருப்பைப் போகும் முன்பும் வந்த பிறகும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். தவளையைத் தொட வேண்டாம். தொட்டுவிட்டால் கண்ணில் கை வைக்கும் முன் கழுவுங்கள். படத்தை நேர் மேலிருந்து எடுங்கள். செல்பி கேமராவில் எடுக்காதீர்கள்; வேறு வழியில்லை என்றால் எழுத்துள்ள எதையாவது, ஒரு பிஸ்கட் கவரையாவது, படத்துக்குள் வையுங்கள். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதை உங்களுக்கு மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சேராததைச் சேருகிறது என்று சொல்லாதீர்கள். நாலு சேரவில்லை என்று நான் சொன்னதால்தான், சேர்ந்த இரண்டை அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

போன வருடம் இந்தப் பக்கத்தில் போட்ட ஆறு படங்களையும் திருப்பி, சரி செய்து மறுபடி ஏற்றியிருக்கிறேன். தப்பாகப் போட்டதற்கு மன்னிக்கவும்.

தீ சாலமாண்டர் இருபது வருடத்துக்கு மேல் வாழும் என்று அதன் முதுகைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் குண்டுத் தவளை இயற்கையில் எத்தனை வருடம் வாழும் என்று நான் தேடிய எந்தப் பக்கத்திலும் இல்லை. குறைந்தது இரண்டு மழைக்காலம். அது நான் பார்த்தது.